வேதாகமத்தைக் கேள்விகளோடு வாசிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள், திருமணத்தின் வழியாகக் கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் வந்தவர்கள், பிறப்பால் கிறிஸ்தவர்களாக இருந்தும் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் வேதாகமத்தைத் திறக்காமலே வளர்ந்துவிட்டு இப்போது திறக்க விரும்புகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இவர்களில் பலரும் முதல் சில வாரங்கள் உற்சாகமாக வாசிப்பார்கள். பிறகு ஏதோ ஓர் அதிகாரத்தில், ஒரு போர்க் கட்டளையிலோ ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு விவரங்களிலோ, மனம் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் "சந்தேகப்படாதே, விசுவாசி" என்று ஒருவர் சொன்னால் புத்தகத்தை மூடிவிடுவார்கள். "இதெல்லாம் கட்டுக்கதை" என்று வேறொருவர் சொன்னாலும் மூடிவிடுவார்கள். மூடாமல் வாசித்துக்கொண்டே போவதற்கும், எல்லாக் கேள்விகளும் தீரும்வரை காத்திராமல் தெளிவாகத் தெரிந்த அளவுக்கு வாழத் தொடங்குவதற்கும் உதவும் வழிகளைப் படிப்படியாகக் கீழே காணலாம்.

முதற்படி: இரண்டு மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொள்ளுங்கள்

சீர்திருத்தச் சபைகளிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் பெரும்பாலும் புழங்குகிற பரிசுத்த வேதாகமம், ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் தொடங்கிவைத்த மரபின் தொடர்ச்சி அது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம் என்ற பெயரில் கிடைக்கிறது. முன்னது செவிக்கு இனியது, ஜெபத்துக்கும் பாட்டுக்கும் பழகியது; ஆனால் அதன் நடை இன்றைய வாசகரைப் பல இடங்களில் தடுமாற வைக்கும். பின்னது வாசிக்க எளிது, அடிக்குறிப்புகளும் உண்டு. நூல்களின் பெயர்கள் வேறுபடுவதால் தொடக்கத்தில் குழப்பம் வரலாம். ஆதியாகமம் அங்கே தொடக்க நூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், சங்கீதம் திருப்பாடல்கள், அப்போஸ்தலர் நடபடிகள் திருத்தூதர் பணிகள். கத்தோலிக்கப் பதிப்பில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலிய இணைத் திருமுறை நூல்களும் சேர்ந்து 73 நூல்கள் இருக்கும். சீர்திருத்தச் சபையினர் 66 நூல்களை ஏற்கின்றனர்.

இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. ஒரு வசனம் உறுத்தினால் இரண்டையும் திறந்து பாருங்கள். இரண்டும் ஒரே பொருளைத் தந்தால் உங்கள் கேள்வி வசனத்தின் உள்ளடக்கத்தைப் பற்றியது. இரண்டும் வேறுபட்டால், உறுத்தலுக்குக் காரணம் பழைய தமிழ் நடையாகவோ மூலக் கையெழுத்துப் படிகளிடையே உள்ள வேறுபாடாகவோ இருக்கலாம். கைப்பேசிச் செயலியில் இரண்டு மொழிபெயர்ப்புகளையும் ஒப்பிடுவது எளிதுதான். ஆயினும் அன்றாட வாசிப்புக்கு அச்சுப் புத்தகத்தையே பரிந்துரைக்கிறேன். தேடிய ஒரு வசனத்தை மட்டும் திரையில் காட்டுவது செயலியின் இயல்பு. அச்சிட்ட பக்கத்தில் முன்னும் பின்னும் உள்ள வசனங்கள் தாமாகவே கண்ணில் படும். அதனால் விளையும் நன்மையை அடுத்தடுத்த பகுதிகளில் பார்ப்போம்.

அடுத்து: மாற்குவிலிருந்து தொடங்குங்கள்

முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர்கள் ஆதியாகமத்தை ஆர்வத்தோடு முடித்து, யாத்திராகமத்தின் பாதியில் ஆசரிப்புக் கூடாரம் என்னும் வழிபாட்டுக் கூடாரத்தின் அளவுகளில் களைத்து, லேவியராகமத்தில் நின்றுவிடுவது வழக்கம். 66 நூல்களில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. ஒரே ஆண்டில் முடிக்க வேண்டுமானால் நாளுக்கு மூன்று அதிகாரங்களுக்கு மேல் வாசிக்க வேண்டும். அந்த ஓட்டத்தில் கேள்வி கேட்க நேரமே இராது. ஆகவே ஓராண்டு வாசிப்புத் திட்டத்தை முதல் ஆண்டில் எடுக்காதீர்கள்.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷம் பதினாறே அதிகாரங்கள் கொண்டது. ஒரு மாலைப்பொழுதில் முழுவதையும் வாசித்துவிடலாம். அப்படி ஒருமுறை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, மறுநாளிலிருந்து நாளுக்கு ஓர் அதிகாரமாக மீண்டும் வாசியுங்கள். அதன்பின் லூக்காவும், அதே ஆசிரியர் எழுதியதாகக் கருதப்படும் அப்போஸ்தலர் நடபடிகளும். இவற்றோடு நாளுக்கு ஒரு சங்கீதம். பழைய ஏற்பாட்டில் ஆதியாகமம், யாத்திராகமத்தின் முதல் இருபது அதிகாரங்கள், ரூத், ஆமோஸ் என்று போகலாம். வெளிப்படுத்தின விசேஷத்தைக் கடைசிக்கு ஒத்திவைப்பது நல்லது. அதில் வரும் உருவகங்களில் பெரும்பாலானவை பழைய ஏற்பாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால், அதை முதலில் வாசிப்பவர் பயப்படுவார், அல்லது பயமுறுத்துகிறவர்களிடம் சிக்கிக்கொள்வார்.

ஒற்றை வசனத்தோடு நிறுத்தாதீர்கள்

நம் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் பரவலாக உண்டு. வீட்டுச் சுவரிலும் நாட்காட்டியிலும் வாகனக் கண்ணாடியிலும் தனி வசனங்களாகவே வேதாகமம் நம் கண்ணில் படுகிறது. அந்தப் பழக்கம் பலருக்கு ஆறுதல் தந்திருக்கிறது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் புதிதாக வாசிக்கிறவர், அட்டையில் வந்த வசனத்தை அதன் அதிகாரத்தில் தேடிப் படிப்பதையே முதல் பயிற்சியாகக் கொள்ளலாம்.

எரேமியா 29:11-ஐ, அதாவது 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனத்தை, எடுத்துக்கொள்வோம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று தொடங்கும் அந்த வசனம், அவை "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று முடிகிறது. வேலை கிடைக்க வேண்டும், திருமணம் கூடிவர வேண்டும் என்று காத்திருப்பவர் இதைப் படித்தால் இந்த ஆண்டுக்குள் நடந்துவிடும் என்று எடுத்துக்கொள்வது இயல்பு. அதிகாரத்தின் தொடக்கத்துக்குப் போனால், கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் இது என்பது தெரியும். அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தையே தேடுங்கள் என்கிறது கடிதம். பத்தாம் வசனம் எழுபது ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர் ஒருவர், தாம் ஊர் திரும்பப்போவதில்லை என்று அந்த நொடியிலேயே புரிந்துகொண்டிருப்பார்.

இதற்கு முந்தின 28-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் சொல்லி, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான். கேட்டவர்களுக்கு எந்தச் செய்தி இனித்திருக்கும் என்று சொல்லவே தேவையில்லை. அந்த இனிப்பான செய்தியை மறுத்து எழுதப்பட்ட கடிதத்திலிருந்து எடுத்த ஒரு வரியை, நாம் அனனியாவின் குரலில் வாசித்துக்கொண்டிருக்கிறோம். வசனத்தின் ஆறுதல் இதனால் குறைந்துவிடவில்லை; நீண்ட காத்திருப்புக்குள் இருப்பவருக்கு அது முன்பைவிட ஆழமாகவே பேசும்.

யார் பேசுகிறார் என்று கேளுங்கள்

சங்கப் பாடலை வாசிக்கும் நாம், இது தலைவி கூற்றா, தோழி கூற்றா, பரத்தை கூற்றா என்று பார்க்காமல் பொருள் சொல்வதில்லை. வேதாகமத்துக்கும் அதே கவனம் வேண்டும். "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற யோபு 8:7, புதிதாகத் திறக்கும் கடைகளிலும் தொழிற்கூடங்களிலும் பெரிய எழுத்தில் மாட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சொன்னவர் யோபுவின் நண்பர் பில்தாத். பிள்ளைகள் பத்துப்பேரையும் இழந்து உட்கார்ந்திருக்கும் ஒரு தகப்பனிடம், உன் பிள்ளைகள் செய்த பாவத்துக்குத்தான் அவர்களுக்கு அந்த முடிவு வந்தது என்ற தொனியில் மூன்று வசனங்களுக்கு முன்னால் பேசியவரும் அவர்தான். நூலின் முடிவில், 42:7-இல், இந்த நண்பர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே கோபித்துக்கொள்கிறார். வேதாகமத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது என்பதாலேயே அது தேவனுடைய தீர்ப்பு ஆகிவிடாது என்பதை யோபு புத்தகத்தைவிட நன்றாகக் கற்றுத்தரும் நூல் வேறில்லை. நல்ல வேளையாக, பில்தாதின் வாக்கு கடைசி அதிகாரத்தில் யோபுவின் வாழ்வில் ஒருவகையில் நிறைவேறியும் விடுகிறது. ஆகவே கடைப் பலகையைக் கழற்றச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த வகை எழுத்து என்பதையும் இதே கையோடு பாருங்கள். சங்கீதம் பாட்டு, நீதிமொழி பொதுவாக நடப்பதைச் சொல்வது, ஒவ்வொருவருக்கும் தரும் உத்தரவாதம் ஆகாது, நிருபம் ஒரு குறிப்பிட்ட சபைக்கு, ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்காக எழுதப்பட்ட கடிதம். கொரிந்தியருக்கு அப்போஸ்தலராகிய பவுல் எழுதிய நிருபங்களை வாசிக்கும்போது, தொலைபேசியில் ஒருவர் பேசுவதை மட்டும் அருகிலிருந்து கேட்பவரின் நிலையில்தான் நாம் இருக்கிறோம். மறுமுனையில் கேட்கப்பட்ட கேள்வியை ஊகித்துத்தான் அறிய வேண்டும்.

கேள்வியை எழுதி, அதன் வகையை அறியுங்கள்

ஒரு குறிப்பேடு வைத்து, உறுத்துகிற இடத்தின் அதிகாரத்தையும் வசனத்தையும் தேதியோடு எழுதுங்கள். எழுதியபின், அது எவ்வகைக் கேள்வி என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே சொல்லால் "சந்தேகம்" என்று அழைப்பதால்தான் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள்.

சில கேள்விகள் எழுத்தைப் பற்றியவை. யூதாஸ் நான்றுகொண்டு செத்தான் என்கிறது மத்தேயு 27. வீசியெறிந்த பணத்தைக் கொண்டு ஆசாரியர்கள் நிலம் வாங்கினார்கள் என்றும் சொல்கிறது. அப்போஸ்தலர் 1-இலோ அவன்தான் நிலத்தைச் சம்பாதிக்கிறான். தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். கயிறு அறுந்து விழுந்தான் என்று இரண்டையும் இணைத்துச் சொல்வோர் உண்டு. அப்படிக் கருத உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் கயிறு அறுந்ததாக இரண்டு நூல்களிலும் எழுதப்படவில்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். தாவீதை ஜனத்தொகை எடுக்கத் தூண்டியது கர்த்தருடைய கோபம் என்கிறது 2 சாமுவேல் 24:1. சாத்தான் என்கிறது 1 நாளாகமம் 21:1. நாளாகமம், பாபிலோன் சிறையிருப்புக்குப் பிந்திய காலத்தில் எழுதப்பட்டது என்று அறிந்தால், ஒரே நிகழ்வைப் பிற்காலத் தலைமுறை எப்படிப் புரிந்துகொண்டது என்று பார்க்கும் வாய்ப்பாக இந்த வேறுபாடு மாறும்.

கையெழுத்துப் படிகளால் வரும் வேறுபாடும் இவ்வகையில் சேரும். பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்று 1 யோவான் 5:7 பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. திருவிவிலியத்தில் அந்த வரி இல்லை. யாரோ வேண்டுமென்றே நீக்கிவிட்டார்கள் என்று இதைப் பற்றிப் பரப்பப்படுவதுண்டு. நடந்தது நேர்மாறானது. பழைய கிரேக்கப் படிகளில் அந்த வரி இல்லை. லத்தீன் மரபில் இருந்த அது, எராஸ்மஸ் என்ற அறிஞர் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 1516-ஆம் ஆண்டு முதற்பதிப்பில் இடம்பெறாமல், 1522-இல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அந்த அச்சு மரபைப் பின்பற்றிய மொழிபெயர்ப்புகளில் அது நிலைத்துவிட்டது. மாற்கு 16-இன் கடைசிப் பன்னிரண்டு வசனங்களும் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் படிகளில் இல்லை. திரித்துவக் கோட்பாடோ உயிர்த்தெழுதலின் செய்தியோ இந்த வரிகளை மட்டும் நம்பி நிற்கவில்லை என்பதால், இவ்வகைக் கேள்விகளால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வேறு சில கேள்விகள் மனச்சாட்சியைப் பற்றியவை, இவை கடினமானவை. இஸ்ரவேலரின் பகைவரான அமலேக்கியரின் குழந்தைகளையும் விடாமல் கொல்லும்படி 1 சாமுவேல் 15-இல் கட்டளை வருகிறது. அது நியாயத்தீர்ப்பு என்று ஒரு சாரார் விளக்குகிறார்கள். பண்டைய போர் வருணனைகளின் மிகைப்படுத்தல் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். ஒருவரையும் மீதியாக வைக்கவில்லை என்று யோசுவா நூல் சொல்லும் பகுதிகளில், அந்நாட்டில் முன்பே வாழ்ந்த கானானியர் தொடர்ந்து குடியிருந்ததாக நியாயாதிபதிகள் முதல் அதிகாரம் சொல்வதை அவர்கள் சுட்டுகிறார்கள். சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்ற இயேசுவின் சொல்லைத் துலாக்கோலாக வைத்தே இப்பகுதிகளை வாசிக்க வேண்டும் என்பது மூன்றாவது வழி. நான் அதன் பக்கம் சாய்பவன். எந்த வழியில் போனாலும் நெருடல் முழுதும் மறையாது. இந்த அதிகாரத்துக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்துவிடுகிறவர் அதை நிதானமாக வாசித்திருக்க மாட்டார் என்பதே என் எண்ணம். பெண்கள் சபையில் பேசக்கூடாது என்ற 1 கொரிந்தியர் 14:34-ஐப் பற்றிக் கேள்வி எழுந்தால், பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் இயல்பாக எடுத்துக்கொள்ளும் 11:5-ஐயும், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளைப் பவுல் பரிந்துரைக்கும் ரோமர் 16-ஐயும் சேர்த்து எழுதி வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

மூன்றாவது வகை, வாழ்க்கையிலிருந்து எழுவது. ஜெபித்தேன், அம்மா பிழைக்கவில்லை, ஏன்? இதற்கு விளக்கம் தேடி ஓடுவதைவிட, வேதாகமத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்டவர்களோடு உட்கார்வது மேல். சங்கீதம் 13 "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறது. சங்கீதம் 88 எந்த ஆறுதல் வரியும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமாகவே தொகுத்து வைத்திருக்கிறார்கள். பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை. "உனக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் சுகம் வரவில்லை" என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு 2 கொரிந்தியர் 12-ஐ வாசித்துக் காட்டலாம். இதோடு சேர்த்து அழுத்தமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஜெபக்கூட்டத்தில் சுகம் அறிவிக்கப்பட்டது என்பதற்காகச் சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மனநோய்க்கோ எடுத்துவரும் மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் சொன்னது கைமருந்துதான். அவரோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர்.

வீட்டில் எழும் கேள்விகள்

கிறிஸ்தவரல்லாத குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு, அமலேக்கியரைவிடப் பெரிய சிக்கல் அடுத்த பொங்கலன்று அம்மா நீட்டும் பிரசாதம். வாங்கலாமா, கூடாதா? அப்பாவின் ஈமச்சடங்கில் மகனாக எதுவரை நிற்பது? சபைகளுக்கிடையே இதில் ஒத்த கருத்து இல்லை. ஒரே சபைக்குள்ளும் இருப்பதில்லை. இத்தகைய கேள்விகளோடு 1 கொரிந்தியர் 8-ஆம், 10-ஆம் அதிகாரங்களையும் ரோமர் 14-ஐயும் முழுமையாக வாசியுங்கள். விருந்துக்கு அழைத்தவர் வைப்பதை விசாரியாமல் சாப்பிடலாம் என்கிறார் பவுல். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் அவருடைய மனச்சாட்சியின் பொருட்டுச் சாப்பிடவேண்டாம் என்கிறார். புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாக எண்ணாமலும், புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்காமலும் இருக்க வேண்டும் என்கிறார். அதே பவுல் விக்கிரக வழிபாட்டுக்கு விலகி ஓடுங்கள் என்றும் 10:14-இல் சொல்கிறார். ஆக, உணவு வேறு, வழிபாடு வேறு. இரண்டும் ஒரே தட்டில் வந்து சேரும்போது என்ன செய்வது என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது.

2 இராஜாக்கள் 5-இல் வரும் நாகமானின் கதை இங்கே மிகவும் உதவும். குஷ்டம் நீங்கிய அந்தச் சீரியப் படைத்தலைவன், இனிக் கர்த்தரைத் தவிர வேறு தெய்வத்துக்குப் பலியிடுவதில்லை என்று எலிசாவிடம் உறுதி சொல்கிறான். உடனே ஒரு சங்கடத்தையும் முன்வைக்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோயிலில் பணியும்போது என் கைமேல் சாய்ந்துகொள்வார், அப்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அந்தக் காரியத்தைக் கர்த்தர் மன்னிப்பாராக. எலிசா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "சமாதானத்தோடே போ" என்று அனுப்பிவிடுகிறார். புதிதாக வந்தவர்களிடம் நம் சபைகள் காட்ட வேண்டிய பொறுமைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

நடைமுறையில், பண்டிகைக்கு முந்தின நாளே வீட்டில் பேசிவிடுவது பந்தியில் மறுப்பதைவிட நல்லது. "அம்மா, பூஜையில நான் நிக்கலை, ஆனா காலையிலேயே வந்து சமையல்ல கூட இருக்கேன், எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடுறேன்" என்று அவரவர் முடிவை முன்கூட்டிச் சொல்லலாம். உன் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கட்டளை, மதம் மாறிய பிள்ளைக்கு விதிவிலக்கு எதுவும் கொடுக்கவில்லை.

யாரிடம், எப்படிக் கேட்பது

அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை வாசித்துக்கொண்டு ரதத்தில் போகிறார். வாசிப்பது விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்கும்போது, "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்று வெட்கமில்லாமல் பதில் சொல்கிறார். தனியாக வாசிப்பதற்கு எல்லை உண்டு. போதகரோ பங்குத்தந்தையோ, சபையிலுள்ள மூத்த ஒருவரோ, வீட்டு ஜெபக்குழுவோ, அன்பியம் என்னும் கத்தோலிக்க அக்கம்பக்கக் குழுவோ, உங்களுக்குத் துணை வேண்டும். முடிந்தால் வேறு சபைப் பிரிவைச் சேர்ந்த ஒருவரும் இருக்கட்டும். நம் சபையில் எல்லாரும் ஏற்றுக்கொள்வதை வெளியிலிருந்து பார்ப்பவர் கேட்கும் எளிய கேள்வி பல முடிச்சுகளை அவிழ்க்கும்.

ஆராதனை முடிந்து எல்லாரும் கைகுலுக்கும் வாசலில் வைத்துக் கேட்காதீர்கள். தனியாக நேரம் கேட்டுப் போங்கள். கேள்வியை இடத்தோடு வையுங்கள். "வேதத்துல நெறைய முரண்பாடு இருக்கே, பாஸ்டர்" என்று தொடங்கினால் அவர் தற்காப்புக்கு ஆயத்தமாகிவிடுவார். "ஐயா, மத்தேயு இருபத்தேழையும் அப்போஸ்தலர் ஒண்ணையும் சேர்த்து வாசிச்சேன். யூதாசோட சாவு ரெண்டு விதமா இருக்கு. நீங்க இதை எப்படிப் புரிஞ்சுக்கிறீங்க?" என்று கேட்டால் பேச்சு வேறுவிதமாகப் போகும். "எனக்கும் தெரியலை, பார்த்துச் சொல்றேன்" என்பவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கேள்வி கேட்டதற்காகச் சாபத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறவரிடம் மறுபடி போக வேண்டியதில்லை. பவுல் பிரசங்கித்ததையே வேதவாக்கியங்களோடு தினந்தோறும் ஒப்பிட்டு ஆராய்ந்த பெரோயா பட்டணத்தாரை நற்குணசாலிகள் என்றுதான் அப்போஸ்தலர் 17:11 அழைக்கிறது.

தெரிந்த அளவுக்குச் செய்துகொண்டிருங்கள்

நித்திய ஜீவனைப் பற்றி நியாயசாஸ்திரி ஒருவன் கேட்டபோது, "நியாயப்பிரமாணத்தில் என்ன எழுதியிருக்கிறது? நீ வாசித்திருக்கிறது என்ன?" என்று இயேசு திருப்பிக் கேட்கிறார். நல்ல சமாரியன் கதை வரும் லூக்கா 10-இல்தான் இந்த உரையாடல் இருக்கிறது. அவன் சரியாகவே பதில் சொல்கிறான். பிறகு எனக்குப் பிறன் யார் என்று விவாதத்தை நீட்டுகிறான். கதை முடிந்ததும் அவனுக்குக் கிடைப்பது, "நீயும் போய் அந்தப்படியே செய்" என்ற கட்டளை. விளங்காத நூறு வசனங்களுக்கு நடுவே, விளங்கிவிட்டதால் நம்மைச் சங்கடப்படுத்தும் வசனங்களும் உண்டு.

வாரத்துக்கு ஒன்றை எடுத்துச் செய்து பாருங்கள். காணிக்கை போடப் போகும் வழியில், உங்கள்மேல் மனத்தாங்கலோடு இருக்கும் சகோதரன் நினைவுக்கு வந்தால் முதலில் போய் ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5. பேசாமலிருக்கும் அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைப்பதில் எந்த மொழிபெயர்ப்புச் சிக்கலும் இல்லை. வேலைக்காரரின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு மாதச் சம்பளம் முதல் தேதியில் போய்ச்சேருகிறதா, அவருக்கென்று தனித் தம்ளர் அடுக்களையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகத்துக்காக மல்கியா 3:10 அடிக்கடி வாசிக்கப்படும்; ஐந்து வசனங்கள் முன்னால், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கு விரோதமாக அதே அதிகாரம் பேசுவதையும் சேர்த்து வாசியுங்கள்.

சபையைப் பற்றிய கேள்விகளும் இங்கேதான் வரும். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்ற கலாத்தியர் 3:28-ஐ வாசித்துவிட்டு, சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்களைப் பார்த்து மனம் கசந்து போகிறவர்கள் உண்டு; அந்தக் கசப்பு நியாயமானது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் அடியோடும் விடப்பட வேண்டும் என்று எழுதினார்; தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்ப்பு எழுந்து பலர் விலகினார்கள். சபை இன்றும் தன் வேதத்துக்குக் கீழ்ப்படிந்து முடிக்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு வரன் தேடும் விளம்பரத்தில் சாதியைக் குறிப்பிடுவதா வேண்டாமா என்ற முடிவை, சபை மாறும்வரை காத்திராமல் நீங்களே எடுக்கலாம்.

தீராத கேள்விகளோடு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறிப்பேட்டைத் திரும்பப் பாருங்கள். சில கேள்விகள் தாமாகவே உதிர்ந்திருக்கும், சில கூர்மையாகியிருக்கும், சிலவற்றுக்குப் பக்கத்தில் வேறு வசனங்களின் எண்கள் சேர்ந்திருக்கும். தீராதவற்றை அடித்துவிடாமல் அடுத்த ஏட்டுக்கு எடுத்து எழுதுங்கள். அந்த நாட்களில் ஜெபிக்கச் சொல் வராவிட்டால், மாற்கு 9:24-இல் ஒரு தகப்பன் கண்ணீரோடு சொன்னது போதும்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்."

ஆராதனைக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். சென்னையில் ஒரு மலைக்கே தம் பெயரைக் கொடுத்திருக்கும் தோமா, இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்றச் சீடர்கள் சொன்னதை நம்ப மறுத்தபின் வந்த எட்டு நாளும் அவர்களை விட்டுப் போய்விடவில்லை. அவர்களும் அவரை வெளியே அனுப்பவில்லை. யோவான் 20:26 அவர்கள் எல்லாரையும் ஒரே வீட்டுக்குள் காட்டுகிறது. திருவிருந்தில் பங்கெடுக்க மனம் ஒப்பவில்லையென்றால் போதகரிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கு இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம்.

இரண்டாம் ஆண்டில் ரோமர் நிருபத்தையும் ஏசாயாவையும் எடுங்கள்; யோபுவை முழுமையாக, பேசுகிறவர் பெயரை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வாசியுங்கள். விட்டுவைத்த லேவியராகமத்தை அப்போது 19-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கலாம். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்பதும், கூலிக்காரனின் கூலியை விடியுமட்டும் வைத்திருக்காதே என்பதும், உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனில் அன்புகூருவாயாக என்பதும் அந்த ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன.